குதிரைக்கும் எலிக்கும் நான் செய்துவைத்த கலியாணம்

திருகோணமலையில் எத்தனையோ பேர் கலியாணம் பேசியிருக்கிறார்கள், செய்துவைத்திருக்கிறார்கள், குழப்பியும் இருக்கிறார்கள். ஆனால் கணவன் மனைவியே அல்லாத இருவருக்கு, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேளதாளத்தோடு அறுபதாம் கலியாணம் செய்துவைத்த ஆள் எனக்குத் தெரிய நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு மாதிரி வளர்ந்து, கடைசியாக நான் கேட்டபோது அவர்களை யானையில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோனதாகவும் கதை வந்துவிட்டது. யானை இல்லை. மற்றதெல்லாம் உண்மை. இந்த வருடம் சீனக் கணக்கில் மறுபடி குதிரை வருடமாம். ஆகையால் எல்லோரும் திரும்ப ஆரம்பிக்கமுன் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வீடு தம்பலகாமத்தில். அப்பாவின் தங்கை ரஞ்சி மாமி உட்துறைமுகத்தைப் பார்த்தபடி எட்டு அறைகளோடு ஒரு விடுதி வைத்திருந்தார். மாமிக்கு முழங்கால் வருத்தம். மாடிப்படி ஏற ஏலாது. விடுதியை நடத்த நான் வந்தேன். நடத்துவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"ஆடி பிறக்குமட்டும் பாக்கிறன்," என்றார். "அறையள் நிரம்பினா நீ அங்கயே இரு. இல்லாட்டி வீட்ட வந்து வாற சம்பந்தத்துக்குத் தலையாட்டு. ஆவணியில கலியாணம்."

சம்பந்தம் ஏற்கனவே ஒன்று வந்து போயிருந்தது. என் நட்சத்திரம் பூசம். சாதகம் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகத்தை வைத்திருப்பார்கள், பூசத்துக்கு ஆடு. வந்த மாப்பிள்ளை திருவோணம், அதாவது குரங்கு. ஆட்டுக்கும் குரங்குக்கும் பகை என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் சாப்பிட்டேன். எனக்கு ஊரை விட்டு வந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, 'மனேஜர்' என்று கூப்பிடப்பட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு அறைகள் நிரம்ப வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சீனர்கள் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் சீனக்குடா என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில்தான் சீனம், நான் பிறந்த நாளிலிருந்து அங்கே ஒரு சீனரையும் கண்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு கம்பெனி தன் இறங்குதுறையில் புதிய கிரேன் பூட்டுவதற்குச் சீனாவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தது. முதலில் இரண்டு பேர். அவர்களுக்கு எங்கள் விடுதி பிடித்துக்கொண்டால் மீதி ஆட்கள் எல்லோரும் எங்களிடம். பிடிக்காவிட்டால் உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டல் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே அந்த இரண்டு பேரின் முகம் கோணக்கூடாது. கோணினால் நான் தம்பலகாமம்.

ஒருவர் மிஸ்டர் லியூ. உயரமான, சிரித்த முகமான பொறியியலாளர். மற்றவர் மெடம் ஹுவா. சிறிய உருவம், கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு கோப்பு. லியூவுக்கு ஆங்கிலம் 'தாங்க்யூ'வோடு முடிந்துவிடும். மெடம் ஹுவாவுக்கு என்னுடைய அளவுக்கு வரும் (அது பெரிய அளவல்ல). இருவரும் வந்த முதல் நாளே சண்டை பிடித்தார்கள். இரண்டாம் நாளும் பிடித்தார்கள். காலையில் விறாந்தையில் ஒரு சண்டை, வேலையால் வந்து வாகனத்தை விட்டு இறங்கும்போது ஒரு சண்டை. லியூ கையை விரிப்பார். மெடம் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டுவார். லியூ தலையில் கை வைப்பார். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மின்சாரப் பட்டியலை வைத்துக்கொண்டு செய்வது இதேதான்.

"புருசன் பெண்சாதிதான்," என்றார் மாமி. "வேற ஆரோடையும் இவ்வளவு உரிமையாச் சண்டை பிடிக்கேலாது."

பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கடவுச்சீட்டுப் பிரதியைப் பார்த்தபோது நானும் கேட்டேன். உடனே இணையத்தில் தேடி, சீனப் பெண்கள் கலியாணம் கட்டினாலும் பெயரை மாற்றமாட்டார்கள் என்று படித்துத் தெளிந்துகொண்டேன். அறை ஏன் இரண்டு? லியூ குறட்டை விடுவது கீழ்மாடி வரைக்கும் கேட்கும். எனக்குப் பதில் தெரியாத கேள்வி அந்த வயதில் எதுவும் இருக்கவில்லை.

ஒருநாள் கொடியில் சிவப்புக் காலுறை, சிவப்பு உள்பெனியன், இன்னும் சில சிவப்புகள் (எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை) காய்ந்தன. எல்லாம் லியூவுடையவை. பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது மெடம் ஹுவாவிடம் கேட்டேன். அவர் முதல்தரமாகக் கோப்பை மூடிவைத்துவிட்டுப் பேசினார்.

சீனர்களுக்கு வருடத்துக்கு ஒரு மிருகம். பன்னிரண்டு மிருகங்கள் ஒரு ஆற்றைக் கடக்கப் போட்டி போட்டனவாம். எலி மாட்டின் முதுகில் ஏறிப் போய், கரை வந்ததும் முன்னால் குதித்து முதலாவதாக வந்துவிட்டது. அதனால் வரிசை எலியில் தொடங்குகிறது; குதிரை ஏழாவது. பிறந்த வருடத்தின் மிருகம் ஆளோடு கடைசிவரை வரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே மிருகத்தின் வருடம் திரும்பும்போது அந்த ஆளுக்கு நல்லதில்லை. வருடத்தைக் காக்கும் தெய்வத்துக்குக் கோபம் வரும். அதற்குப் பரிகாரம் சிவப்பு. உள்ளே உடுத்த வேண்டும். அதையும் தானே வாங்காமல் வேறு யாராவது வாங்கித் தர வேண்டும். எங்கள் ஏழரைச் சனி மாதிரித்தான். ஆனால் ஒரே வருடத்தில் விட்டுவிடுகிறது, லாபம்.

"இது குதிரை வருடம். அவர் குதிரை," என்றார் மெடம் ஹுவா. பிறகு பெருமூச்சு விட்டார். "நான் எலி. குதிரைக்கும் எலிக்கும் சேராது. நேர் எதிர். என்னைக் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் சண்டை."

என் நெஞ்சு உருகிப்போனது. ஆட்டையும் குரங்கையும் வைத்துச் சம்பந்தம் குழம்பி மூன்று மாதம்கூட ஆகாத பிள்ளையிடம் இதைச் சொன்னால் வேறு எப்படி விளங்கும்? சீனாவிலும் பொருத்தம் பார்க்கிறார்கள். மிருகப் பகை பார்க்கிறார்கள். பாவம், இந்தப் பெண்ணை வீட்டுக்காரர் பொருத்தம் பார்க்காமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் இவ்வளவு காலமும் கோப்பும் கையுமாகச் சண்டை பிடித்துச் சீவிக்கிறார்.

அன்று முழுக்க இணையத்தில் இருந்தேன். அங்கேதான் வினை முற்றியது. பன்னிரண்டு மிருகத்தோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்தும் மாறி மாறி வரும். ஐந்து பன்னிரண்டு அறுபது. அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் அதே மிருகமும் அதே பொருளும் சேர்ந்து திரும்பும். லியூ சும்மா குதிரையல்ல, மரக்குதிரை. அவர் பிறந்த மரக்குதிரை வருடம் இப்போதுதான் திரும்பி வந்திருந்தது. கடவுச்சீட்டைப் பார்த்தேன்: ஆனி மாதத்தில் அறுபது முடிகிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன்: அவர் பிறந்ததும் ஜய வருடம், இப்போது நடப்பதும் ஜய வருடம். எங்களுக்கும் அறுபது வருடச் சக்கரம், அவர்களுக்கும் அறுபது. எனக்கு உடம்பு புல்லரித்தது. உலகத்தில் யாரும் கவனிக்காத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

எங்களில் கணவனுக்கு அறுபது முடிந்தால் என்ன செய்வோம்? மனைவிக்குத் திரும்பத் தாலி கட்டி அறுபதாம் கலியாணம் செய்வோம். கெட்ட வருடமும் கழியும், எலிப் பகையும் தீரும், விருந்தாளிகள் மனம் குளிரும், எட்டு அறையும் நிரம்பும். ஒரே கல்லில் நாலு மாங்காய்.

மெடத்திடம் மெல்லத் தூண்டில் போட்டேன். "அறுபது வருகிறதே, ஒன்றும் செய்யவில்லையா?"

"அறுபது பெரியது," என்றார் அவர். "செய்ய வேண்டும். நூடில்ஸ் நீளமாக இருக்க வேண்டும். வெட்டக்கூடாது. ஆயுள் நீளும்."

"எல்லாம் நான் பார்க்கிறேன். நீங்கள் இருவரும் சிவப்பு உடுத்திக்கொண்டு வந்தால் போதும்."

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வெள்ளைக்காரர்கள் பிறந்தநாளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் திகைக்கவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே மிச்சத்தை அவரிடம் சொல்லவில்லை.

மாமிக்குச் சொன்னேன். மாமி சந்தோசத்தில் முழங்கால் வருத்தத்தை மறந்து, அலுமாரியிலிருந்து தன் மகளுக்கென்று எடுத்துவைத்த சிவப்புக் கூறைச்சேலையை இழுத்து வெளியில் போட்டார். சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் சமையற்காரர், கிண்ணியாவைச் சேர்ந்த நிஸ்தார் நானா.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டா? அவங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டிதானா?"

"வேற என்ன நானா?"

"ரெண்டு மேசையில இருந்துதானே திங்கிறாங்க. இவ்வளவு நாளா ஒருத்தர்ர பீங்கானில மத்தவர் கை வைக்கல்ல. புருசன் பொண்டாட்டி எண்டா கோவமா இருந்தாலும் கை போகும்."

"அது எலியும் குதிரையும் நானா. உங்களுக்கு விளங்காது," என்றேன்.

அவர் அதை விட்டுவிட்டு நூடில்ஸ் நீளத்தைப் பற்றிக் கேட்டார்.

அடுத்தது குருக்கள். நாற்பது வயதுக்காரர், எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருப்பவர். சைவர் அல்லாதவர்களுக்குச் செய்யலாமா என்று கேட்டேன். ஆசீர்வாதம் எல்லோருக்கும் பொது என்றார்.

"நட்சத்திரம் என்ன பிள்ளை?"

"அது தெரியாது ஐயா. அவர் குதிரை. அவ எலி."

வேறொருவர் என்றால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். குருக்கள் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். "குதிரை எண்டால் அசுவினி, இல்லாட்டிச் சதயம். எலி எண்டால் மகம், இல்லாட்டிப் பூரம். அசுவினியும் மகமும் ஒரே இரச்சு, ஆகாது. சதயமும் பூரமுமா வைப்பம். கோத்திரம்?"

"சீனா, ஐயா."

"சிவகோத்திரம் எண்டு வைப்பம்."

இப்படியாகச் சீனாவின் பன்னிரண்டு மிருகங்களையும் எங்கள் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஐந்து நிமிடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, கும்பத்துக்கும் மாலைக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் பட்டியல் எழுதித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் திங்கள் கிரேனுக்குப் பாரச் சோதனை என்று தெரியும். அதனால் இன்னும் நல்லது என்று நினைத்தேன். வாசலில் வாழை கட்டினோம். (தெருவில் திரியும் ஊர் மான்கள் ஒரு பக்க வாழையை விடியமுன் தின்றுவிட்டன. ஆகவே ஒரு பக்கம்தான்.) ஒரு மேளம், ஒரு நாதஸ்வரம். கிரேன் வேலைக்காரப் பெடியள் ஆறு பேரைப் பிறந்தநாள் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வந்தார்கள்.

மெடம் ஹுவா கூறைச்சேலையில் இறங்கி வந்தார். மாமி கட்டிவிட்டது. கண்ணாடியைத் தவிர எல்லாம் சிவப்பு. முதல்தரமாகக் கோப்பு இல்லாமல் வந்தார், வடிவாகவும் இருந்தார். லியூ சிவப்புச் சட்டையில் வந்து, கும்பத்தையும் ஓமத்தையும் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, நன்றாகத் தெரிந்தவர் மாதிரி மணையில் போய் உட்கார்ந்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. குருக்கள் மாவிலையால் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, ஒவ்வொரு தெளிப்புக்கும் 'தாங்க்யூ' என்றார்.

மாலை மாற்றச் சொன்னோம். மாற்றினார்கள். மாற்றிவிட்டு இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். வேலைக்காரப் பெடியள் கைதட்டினார்கள். அந்த இடத்தில் எனக்குச் சின்னதாகவாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எந்த ஊரில் மாலை மாற்றிய கணவன் மனைவி கைகுலுக்குகிறார்கள்? சீன வழக்கம் போலும் என்று நினைத்து, அந்தக் கைகுலுக்கலைப் படமெடுத்து, 'எங்கள் விடுதியில் சீனத் தம்பதியின் அறுபதாம் கலியாணம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, விடுதியின் முகநூல் பக்கத்தில் அங்கேயே போட்டேன். கம்பெனியின் கொழும்பு அலுவலகத்தின் பெயரையும் மறக்காமல் அந்தப் படத்தோடு கோத்துவிட்டேன். அவர்களும் எங்கள் உபசரிப்பைக் காண வேண்டுமல்லவா?

அப்போது கதிரையில் கிடந்த லியூவின் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். திரையில் ஒரு நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் ஓர் இளம் பெண், கையில் கேக். வாழ்த்துச் சொல்ல வந்த அக்கா தங்கைமார் என்று விளங்கிக்கொண்டேன். எவ்வளவு நல்ல நேரத்தில் எடுத்திருக்கிறார்கள்! தொலைபேசியைத் திருப்பிப் பிடித்தேன். கும்பம் மறைத்தது. வடிவாகத் தெரிய வேண்டுமென்று சுற்றி வந்து, முன்பக்கமாக முழங்காலில் நின்று, கையை ஆட்டாமல் காட்டினேன்.

குருக்கள் மஞ்சள் கயிற்றை லியூவிடம் கொடுத்தார். லியூ அதை மெடத்திடம் கொடுத்துத் தன் மணிக்கட்டை நீட்டினார். குருக்கள் இல்லை, இல்லை என்று சைகை காட்டி, கயிற்றைத் திரும்ப அவர் கையில் வைத்து, மெடத்தின் கழுத்தைக் காட்டினார். லியூ தோளைக் குலுக்கினார். மெடம் பெருந்தன்மையாகத் தலையைக் குனிந்தார். லியூ, கிரேனுக்கு வடம் கட்டும் கவனத்தோடு, முதல் முடிச்சைப் போட்டார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அரிசி தூவினோம்.

என் கையிலிருந்த தொலைபேசியில் சத்தம் கூடிக்கொண்டே போனது. "பாவம், மாமி, அங்க சந்தோசத்தில அழுகினம்," என்றேன்.

லியூவுக்கு அந்தக் குரல் கேட்டது. என்னை நோக்கிப் பாய்ந்தார். கயிற்றின் ஒரு நுனியை விட மறந்துவிட்டார். அதனால் மெடம் ஹுவாவும் கூடவே வர வேண்டியதாயிற்று. திரையில் இருந்தவர்களுக்கு இருவரும் மாலையும் கழுத்துமாக நெருக்கமாகத் தெரிந்திருப்பார்கள்.

கம்பெனி எழுத்தர் சுரேன் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே எட்டிப் பார்த்து, தொலைபேசியைப் பார்த்து, என்னைப் பார்த்தான். "அக்கா, என்ன செய்யிறியள்? அது அவற்ற மனுசியெல்லோ!"

"எது?"

"போனில நிக்கிறவ."

"அப்ப இவ ஆர்?"

"இவ கிரேனைச் சோதிச்சுக் கையெழுத்து வைக்க வந்த அதிகாரி. லியூவின்ர வேலை சரியோ பிழையோ எண்டு பாக்கிறதுதான் இவவின்ர வேலை. அதுதானே நெடுகச் சண்டை."

மேளம் மெல்ல நின்றது. மெடம் ஹுவா கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இது என்ன என்று கேட்டார். சுரேன் மிகவும் மரியாதையாக, இப்போது உங்களுக்குக் கலியாணம் நடந்துகொண்டிருக்கிறது மெடம் என்று விளக்கினான். அவர் கயிற்றைக் கழற்றப் போனார். "ஐயோ, கழட்டாதேங்கோ, புருசன் உயிரோட இருக்கேக்க!" என்று மாமி கத்தினார். "எந்தப் புருசன்?" என்று சுரேன் கேட்டான். எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள்.

குருக்கள் தாடியைத் தடவினார். "நட்சத்திரம் ரெண்டும் நாங்கள் உத்தேசமா வைச்சது. அவர் சதயமும் இல்லை, இவ பூரமும் இல்லை. கோத்திரமும் பிழை. விலாசம் பிழைச்சா மந்திரம் போய்ச் சேராது. கழட்டலாம்."

கழற்றினார்கள். லியூ தொலைபேசியோடு மாடிக்கு ஓடினார். நான் குசினிக்குள் போய், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். நிஸ்தார் நானா "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. நூடில்ஸ் ஒரு பீங்கானில் போட்டுத் தந்தார். சுருட்டச் சுருட்ட முடியாத அளவுக்கு நீளமாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிடுவதற்கு மிகவும் கஷ்டமான சாப்பாடு அது.

பின்னேரம் மெடம் ஹுவா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். கூறைச்சேலை மடித்து மேசையில் இருந்தது; கோப்பு அவர் கைக்குத் திரும்பியிருந்தது. தன் ஊரில் கலியாணத்துக்கு மட்டுமல்ல, இரண்டு பேரை ஒரு வேலையில் சேர்ப்பதற்கும், கூட்டாக ஒரு கடை திறப்பதற்கும் மிருகம் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். தன்னை ஒரு குதிரையோடு சேர்த்து வேலைக்கு அனுப்பிய அலுவலகத்தைத்தான் அன்றைக்கு என்னிடம் குறை சொன்னாராம். எங்கள் துறைமுகத்தில் புது லொறிக்கும் புது இயந்திரத்துக்கும் மாலை போட்டுப் பூசை செய்வதை இருவரும் பார்த்திருந்தார்கள். பிறந்தநாளோடு நாளைய சோதனைக்கான பூசையையும் சேர்த்துச் செய்கிறோம் என்றே நினைத்தார்கள். மாலை மாற்றியது, கட்டியவர் சோதிப்பவரிடம் கிரேனைக் கையளிக்கும் சடங்கு. சிவப்பும் கயிறும் கெட்ட வருடத்துக்குக் காப்பு. நான் செய்த ஒவ்வொன்றுக்கும் அவர்களிடமும் ஓர் அர்த்தம் இருந்திருக்கிறது. என்னிடம் மட்டும்தான் பிழையான அர்த்தம்.

"என் கணவர் மாடு," என்றார் கடைசியாக. "எலிக்கு மிகவும் பொருத்தம். பேசவே மாட்டார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. பிரச்சினை அதோடு முடியவும் இல்லை. முகநூல் படத்தை நான் அழிப்பதற்கு முன்பே கொழும்பு பார்த்துவிட்டது. கிரேன் கட்டியவருக்கும் அதைச் சோதிக்கிறவருக்கும் கலியாணம் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? திங்கட்கிழமைச் சோதனை நிறுத்தப்பட்டது. மெடம் ஹுவாவின் வேலைக்கே ஆபத்து வந்தது. இருபத்தைந்து வருடமாக யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூடச் சும்மா வாங்கிக் குடிக்காத மனிசி என்று சுரேன் சொன்னான்.

எழுத்தில் விளக்கம் வேண்டுமென்றார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தேன். அந்தப் பெரியவர் தட்டச்சை நிறுத்தி நிறுத்தி என்னைப் பார்த்தார். 'மேற்படி இருவரும் கணவன் மனைவி அல்லர் என்பதும், மேற்படி கலியாணம் அவர்களுடைய அறிவும் சம்மதமும் இன்றி என்னால் நிகழ்த்தப்பட்டது என்பதும், ஒரு முடிச்சு மட்டுமே இடப்பட்டது என்பதும்...'

"பிள்ளை, கலியாணம் கட்டினதுக்கு அத்தாட்சி கேட்டு வருவினம். கட்டயில்லை எண்டும் சில பேர் வருவினம்," என்றார். "மற்ற ரெண்டு பேருக்குத் தெரியாமல் கட்டி வைச்சிட்டன் எண்டு இப்பதான் ஒராள் வருது."

கடதாசி வேலை செய்தது. மெடம் ஹுவாவின் வேலை தப்பியது. ஆனால் வதந்தி முடியும்வரை அவர் தனியாகக் கையெழுத்து வைக்கக்கூடாது என்று முடிவாயிற்று. அவருக்கு மேலே இன்னொரு அதிகாரி. அவருக்கு இரண்டு உதவியாளர்கள். சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குக் கூடுதலான ஆட்கள். எல்லோருக்கும் நடந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டுமென்று ஆசையோ என்னவோ, உப்புவெளி ஹோட்டலை யாரும் கேட்கவில்லை. பத்து நாளில், பெட்டியும் கையுமாக, உண்மையான திருமதி லியூவும் வந்து இறங்கினார்.

செய்தி தம்பலகாமத்துக்கும் போயிருந்தது. ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அப்பா மோட்டார்சைக்கிளில் வந்தார். என் உடுப்புகளைக் கட்டச் சொல்லிக்கொண்டே மாடிக்கு ஏறினார். முதல் கதவைத் திறந்தார், ஆள். அடுத்த கதவு, ஆள். எட்டு அறையும் பார்த்துவிட்டுக் கீழே வந்து, கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார்.

"ஊரில உள்ளவையை ஆளுக்காள் மாறிக் கட்டிவைச்சோடி அறை நிரப்பினனீ?"

"ஓம் அப்பா," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இப்போதும் அப்படியே சொல்லிக்காட்டுவேன். உடுப்பு மூட்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருமதி லியூ முதல் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மெடம் ஹுவாவோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார். ஐந்தாம் நாள் இருவருமாக என்னிடம் வந்தார்கள். மனைவி ஆட்டு வருடத்துக்காரியாம். குதிரைக்கு ஆடு முதல்தரப் பொருத்தமாம். அதனால் அந்தச் சடங்கைத் தனக்குச் செய்துதரவேண்டுமாம். மூன்று முடிச்சும் வேண்டுமாம். மெடம் ஹுவா கோப்பைத் திறந்து, பிழை திருத்தி மறுபடி செய்தல் என்று குறித்துக்கொண்டார்.

ஆடி மாதம் என்று மாமி இழுத்தார். பழைய கலியாணத்துக்கு ஆடி தடையில்லை என்று குருக்கள் அதற்கும் வழி சொன்னார். மணையில் இருவரையும் இருத்தி, கயிற்றைக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் நிறுத்தினார். மேளக்காரருக்குக் கையைக் காட்டினார். பிறகு லியூவை ஒரு தரம், அந்த அம்மாவை ஒரு தரம் பார்த்து, சபைக்குக் கேட்கக் கேட்டார்.

"இவர்தானே மாப்பிள்ளை? இவதானே பொம்பிளை? ரெண்டு பேருக்கும் இது கலியாணம் எண்டு தெரியுமோ?"

மெடம் ஹுவா மொழிபெயர்த்தார். இருவரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கயிறு கை மாறியது.

அன்றிலிருந்து குருக்கள் தான் செய்யும் எந்தக் கலியாணத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் தாலியைக் கொடுப்பதில்லை. என் கலியாணத்திலும் கேட்டார். கேட்கும்போது அவர் பார்த்தது என்னை மட்டும்தான். சபை சிரித்து ஓய்வதற்குள் முகூர்த்தம் தவறிவிடும் என்று மாமியார் பதறிப்போனார். எங்கள் ஊர்க் கலியாணங்களுக்கு வருகிற கொழும்பு, கண்டி ஆட்கள் இது திருகோணமலைச் சம்பிரதாயம் என்று நினைத்து எழுந்து நிற்கிறார்கள். போன மாதம் கப்பல்துறையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். யாரென்றே தெரியாத ஓர் இளம் குருக்கள். தாலியைக் கையில் எடுத்தார், மேளத்தை நிறுத்தினார், அதே மூன்று கேள்வியையும், ஏதோ வேதத்தில் உள்ளது மாதிரி, ராகம் போட்டுக் கேட்டார்.